மலையேறி வந்த படகுகள்

படகு விடுவதில் ஓர் இன்பம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கொட்டாவி வரும், அப்புறம் கோபம் வரும். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் கிழக்கே கை காட்டுவேனே தவிர, நான் கடலைப் பார்த்தவன் அல்ல. ஆனாலும் பாய்மரப் படகின் சுகபோகம் எதுவும் எனக்குப் பாக்கியில்லை. மெத்தை போட்ட உல்லாசச் சவாரியிலிருந்து வேட்டு வைத்துத் தொடங்கும் பந்தயம் வரைக்கும் அத்தனையையும் ஜவ்வாது மலையில், எங்கள் ஊர் ஏரியிலேயே பார்த்துவிட்டேன். பார்த்தது என்ன, கயிறு பிடித்து ஓட்டியும் தொலைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். ஒடுகத்தூரில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, வேலைக்காக நாலு ஆபீஸ் படி ஏறி இறங்கி, கடைசியில் மலைக்கே திரும்பி ஏர் பிடித்தவன் நான். அந்த வருஷம் சாமை கைவிட்டது. வேண்டிய மாதத்தில் பெய்யாத மழை கார்த்திகையில் வந்து நாலு நாள் கொட்டி, ஏரியை முக்கால்வாசி நிரப்பிவிட்டுப் போனது. அந்தத் தண்ணீரை நம்பி, ஏரிக்குக் கீழே இருந்த அரை ஏக்கரில் நெல் நட்டேன். வீட்டுக்குத் தானியம் என்று இனி வரவேண்டியது அது ஒன்றுதான்.

என் மனைவி சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்: "நெல்லு வூடு வந்து சேந்தா இங்க இருக்கலாம். வரலைன்னா குடகுதான்."

குடகு என்றால் காப்பித் தோட்டத்துக் கூலி வேலை. அவள் சின்ன வயசில் பெற்றவர்களோடு அங்கே இருந்தவள். லயன் வீட்டில் பத்துப் பேரோடு படுத்து, அட்டைக்கடி வாங்கி, காய்ச்சலில் ஒரு தம்பியை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவள். இனி அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொல்லித்தான் எனக்குக் கழுத்தை நீட்டினாள். நானும் பெரிய ஆம்பிளை மாதிரி, மிதிக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாசி பிறந்ததும் படகுகள் வந்தன. இரண்டு லாரியில், வைக்கோல் மெத்தை போட்டு, தாம்புக் கயிற்றால் கட்டி, மூன்று படகுகள். லாரி அடிவாரத்தில் டீக்கு நின்றபோது, வெள்ளம் வரப்போகிறது, அதற்குத்தான் அரசாங்கம் படகு அனுப்புகிறது என்று யாரோ கிளப்பிவிட, சந்தவாசல் கடைத்தெருவே கூடி விட்டதாம். மலை வளைவுகளில் ஏறும்போது புளியமரக் கிளை இடித்துப் பாய்மரம் ஒன்றின் நுனி முறிந்தது. அதற்காக அந்தப் புளியமரத்தை வெட்டினார்கள்! படகுக்கு வழி விடாத குற்றம்.

கொண்டுவந்தவர் ஒரு பெரிய அதிகாரி. எந்த இலாகா என்று சொல்லி இந்த வயசில் வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. ஊரில் எல்லாரும் தொரை என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வாலிபத்தில் கொஞ்ச காலம் கப்பலில் இருந்தாராம். கரைமேல் இருந்த பங்களாவில் தங்கி, காலையில் வராந்தாவில் நின்று ஏரியைப் பார்த்து, "இவ்வளவு அழகான ஏரியை வெச்சுக்கிட்டு வேஸ்ட் பண்றீங்களேப்பா" என்று எங்களை வருத்தப்பட வைத்தார். ஏரி எங்களுக்கு நெல் விளைவித்தது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது. ஆனால் பாருங்கள், அதன்மேல் உட்கார்ந்து சுற்றவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு மட்டமான ஜனங்கள் நாங்கள்.

முதல் பத்து நாள் உல்லாசச் சவாரி. பெரிய படகில் மெத்தை, திண்டு, வண்ணக்குடை, டேப் ரிக்கார்டர், வறுத்த கோழி நிறைந்த கூடை, இரண்டு பிளாஸ்க். தொரையின் சிநேகிதர்கள் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்தார்கள். தலைக்கு ஒரு தொப்பி, காலுக்கு வெள்ளை ஷூ, மார்புக்குச் சிவப்பு மிதவைச் சட்டை. எங்கள் ஏரியை ஒரு நடை சுற்றிவர ஒரு பீடி பிடிக்கிற நேரத்துக்குமேல் ஆகாது. அதைப் படகில் காலை முழுக்கச் சுற்றினார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை. போன இடத்துக்கே திரும்ப வருவதற்கு என்ன சந்தோஷம், என்ன கைதட்டல்! மிதவைச் சட்டை போட்ட ஒருவர் "ஆழம் எவ்ளோ இருக்கும்?" என்று பயந்துகொண்டே கேட்ட இடத்தில், எங்கள் ஊர் எருமைகள் தரையில் கால் ஊன்றி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. டேப் ரிக்கார்டர் அலற அலற, ஓர் அம்மாள் கண்ணை மூடி, "ஆகா, என்ன அமைதி!" என்றார்.

நான் எப்படிப் படகில் ஏறினேன் என்று கேட்பீர்கள். படித்தவன் யாராவது உண்டா என்று தொரை கேட்டிருக்கிறார், ஊரார் என்னைக் காட்டிவிட்டார்கள். சரி, ஏதோ எழுத்து வேலை என்று சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். சின்னப் படகில் ஏற்றி, காற்று அடித்துப் படகு சாயும்போது எதிர்ப்பக்கம் போய் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான் வேலை. எடைக்கு ஒரு மூட்டை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த மூட்டை.

ஆனாலும் மூட்டைக்கும் கண் உண்டு இல்லையா? பத்து நாளில் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். வித்தையில் பெரிய பாகம் வாய்ச்சவடால். இடது என்று சொல்லக்கூடாது, வலது என்று சொல்லக்கூடாது, கயிற்றைக் கயிறு என்றால் தொரைக்கு மூக்குமேல் கோபம் வரும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒவ்வொரு இங்கிலீஷ் பேர். இதையெல்லாம் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது காற்று ஒன்றுதான். காற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். களத்தில் முறத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காற்று வருமா வராதா என்று நிற்கிறவன் எங்கள் ஊரில் ஒவ்வொருத்தனும். மாசி மாசத்தில் பகலில் ஒரு பொய்க்காற்று வரும், அதை நம்பிச் சாமையைத் தூற்றினால் உமி நம் முகத்தில்தான் விழும். மூன்று மணிக்குமேல் மேற்கு மலையிடுக்கு வழியாக இறங்குவதுதான் நிஜக்காற்று. தொரை விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டு எப்போதும் தப்பாகச் சொல்வார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதபடி அவர் செய்தது ஒன்று உண்டு. படகு வந்த மறுநாளே ஏரி மதகுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். தண்ணீர் இறங்கினால் படகின் அடி சேற்றில் தட்டுமாம்.

கீழே நெல் கதிர் வாங்கி, பால் பிடிக்கிற நேரம். வயலில் வெடிப்பு விழ ஆரம்பித்தது. என் மனைவி காலையில் போய்ப் பார்ப்பாள், சாயங்காலம் போய்ப் பார்ப்பாள், வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசும். பத்தாம் நாள் அவளே வாயைத் திறந்தாள். "வெடிப்புல என் கையி போவுது. ஒரு தண்ணி வுட்டா பொழைச்சுக்கும். நீதான் தெனமும் அந்தாளு பக்கத்துல குந்திக்கினு சவாரி போறியே, கேக்க வாயில்ல?" என்றாள்.

மறுநாள் மூப்பனோடு ஐந்தாறு பேர் பங்களாவுக்குப் போனோம். மூப்பன் என்றால் எங்கள் ஊருக்குத் தலைவர். அவர் நிலமும் அதே மதகுக்குக் கீழேதான். அவருக்கு முன்னால் நாங்கள் யாரும் நடப்பதில்லை. விதைப்பென்றால் முதல் பிடி அவர் கையால் விழவேண்டும். ஒற்றையடிப் பாதையில் நாம் போய்க்கொண்டிருக்க, பின்னால் அவர் வருகிறார் என்று தெரிந்தால், ஓரமாகப் புதரில் ஒதுங்கி நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்து, அவரை முன்னால் விட்டுவிட்டுத்தான் மேலே நடக்கவேண்டும். அவசரம், கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மழை, எதற்கும் இதில் விலக்கில்லை. அன்றைக்கும் அவர் முன்னால் போனார், நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம்.

"தொரைங்களே, பயிரு பால் புடிக்கிற நேரமுங்க. ஒரே ஒரு நாளு மதகத் தொறந்து வுட்டா போதுங்க" என்றார் மூப்பன்.

தொரை சிநேகிதர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இந்த ஞாயித்துக்கிழமை பந்தயம் வெச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு மெட்ராஸ்லேருந்து இன்னொரு கூட்டம் வருது. அது முடியட்டும், திறந்துக்கலாம்."

"அதுக்குள்ள அத்தனையும் பதராப் பூடும் சார்" என்றேன் நான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டை பேசுகிறதே என்று ஆச்சரியம்போல. பிறகு சிநேகிதர்கள் பக்கம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "சரி, நீயும் ஒரு படகு எடுத்துக்கோ. பந்தயத்துல நீங்க ஜெயிச்சீங்கன்னா அன்னிக்கே மதகைத் திறந்துடறேன். தோத்தா அடுத்த ஞாயிறு வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. என்ன சொல்றே?" என்றார். சிநேகிதர்கள் ஓகோ என்று சிரித்தார்கள்.

எங்கள் நெல்லை எங்கள் ஏரித் தண்ணீரால் நனைக்க நாங்கள் பந்தயம் ஓடவேண்டும்! அந்த நியாயம் அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. சரி சார் என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னேன். "செயிச்சுடுவியா?" என்று கேட்டாள் மனைவி. "காத்து நம்மளுது" என்றேன்.

அந்த நாலு நாளும் நானும் என் பங்காளி ஒருவனும் பழகினோம். அவன் என்னைவிட இரண்டு வயசு இளையவன், களத்தில் தூற்றுவதில் ஊரிலேயே கெட்டிக்காரன். அவன் சுக்கான் பிடிப்பான், நான் பாய்க்கயிறு பிடிப்பேன். மூன்றாம் நாளே படகு நாங்கள் சொன்னபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பாயில் காற்று நிறைந்து படகு ஒரு துள்ளுத் துள்ளிக் கிளம்பும்போது வாய்விட்டுச் சிரித்தோம். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்கக் கூட்டம். ஒரு பக்கம் குடையும் நாற்காலியும், இன்னொரு பக்கம் நாங்கள். மூன்று படகுகள். தொரை ஒன்றில், மெட்ராஸ் சிநேகிதர்கள் ஒன்றில், நாங்கள் ஒன்றில். ஏரியின் மறுகோடியில் இருக்கும் பாறையைச் சுற்றிக்கொண்டு திரும்பி, கரையில் நட்ட இரண்டு கொடிகளுக்கு நடுவே முதலில் நுழைகிறவர் ஜெயித்தவர். கிளம்பும் நேரத்தில் தொரை எழுந்து, நம் மலைமக்களின் தலைவர் இன்றைக்கு நமது சிறப்பு விருந்தினர் என்று பேசி, மூப்பனுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்துத் தன் படகிலேயே முன்பக்கம் உட்கார வைத்தார். எங்கள் பக்கத்திலிருந்துதான் கைதட்டல் பலமாக வந்தது. நானும் தட்டினேன், மடையன்.

வேட்டுப் போட்டார்கள். மணி மூன்று ஆகவில்லை. தொரையும் சிநேகிதர்களும் நடு ஏரியில் நேராக விட்டார்கள். பொய்க்காற்று கொஞ்ச தூரம் கொண்டுபோய் அம்போ என்று விட்டுவிட்டது. நாங்கள் மேற்குக் கரையை ஒட்டி, நாணல் மறைவில் மெதுவாக ஊர்ந்து போனோம். கரையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அண்ணே, பொறு. மூங்கிப் பொதரு அசையட்டும்" என்றான் பங்காளி.

இடுக்கு ஓரத்து மூங்கில் புதர் அசைந்தது. வந்ததே காற்று! பாயை இழுத்துக் கட்டினேன், படகு பிய்த்துக்கொண்டு போனது. பாறையைச் சுற்றி வெளியே வந்தபோது எங்களுக்கு முன்னால் யாருமே இல்லை. வெறும் தண்ணீர், அதற்கு அப்பால் இரண்டு கொடிகள். கரையில் ஊர் ஜனம் கத்தியது. கூட்டத்தில் என் மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. இரண்டு கையையும் நீட்டி வா வா என்று கூப்பிட்டாள்.

மெட்ராஸ்காரர்களின் படகு எங்கோ சுழன்றுகொண்டிருந்தது. தொரையின் படகு பாறையைச் சுற்றி எங்களுக்குப் பின்னால் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முன்பக்கத்தில் மாலையும் தலைப்பாகையுமாக மூப்பன். எங்களுக்கு நேர் பின்னால் மூப்பன் வந்துகொண்டிருந்தார்.

பங்காளியும் பார்த்தான். கொடி முப்பது முழம் இருக்கும். அவன் சுக்கானை ஓரமாகத் திருப்பினான். என் கை பாய்க்கயிற்றை விட்டது. யோசித்துத்தான் விட்டேன் என்றால்கூட மனசு ஆறும். கால் தட்டினால் கை ஊன்றுவதுபோல அது தானாக விட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு துவண்டது, படகு நின்றது. ஓரமாக ஒதுங்கி நின்று, பங்காளி தோளிலிருந்து துண்டை எடுத்தான். நானும் எடுத்தேன்.

தொரையின் படகு எங்களைத் தாண்டிப் போனது. "வெரி குட், வெரி குட்!" என்று அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். மூப்பன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து தன் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடிகளுக்கு நடுவே அவர்கள் நுழைய, நாற்காலிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் கூட்டத்தில் நாங்கள் ஏன் நின்றோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். அவர்களில் எவன் படகில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். கரைக்கு வந்தபோது என் மனைவி அங்கே இல்லை.

பொழுது சாய மூப்பன் வீட்டுக்குப் போனேன். மாலை வாசல் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கீழே உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "இன்னாத்துக்குடா நின்னீங்க?" என்றார்.

"நீங்க பின்னால வந்தீங்களே."

"என் நெலமுந்தான்டா காயுது! ஒங்க ரெண்டு பேரையும் நம்பி, போங்கடா போங்கடான்னு மனசுக்குள்ள சாமியக் கும்பிட்டுக்கினு குந்தியிருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல்முறையாக அவர் முகத்துக்கு நேரே பேசினேன். "நீங்க எதுக்கு அந்தப் படகுல ஏறனீங்க?"

அவர் கம்பத்தில் தொங்கிய மாலையை நிமிர்ந்து பார்த்தார். "முந்தாநாளு என்னாண்ட கேட்டாரு, ஒங்க ஆளுங்க ஒங்களத் தாண்டிப் போவ மாட்டாங்களாமேன்னு. செத்தாலும் போவ மாட்டாங்கன்னு சொன்னேன். பெருமையாத்தான்டா சொன்னேன். இன்னிக்கு மாலை போட்டுக் கையப் புடிச்சு இட்டுக்கினு போயி குந்த வெச்சப்பதான் வெளங்குச்சு."

"அப்பவே எறங்கியிருக்கலாம். இல்ல, படகுலேர்ந்து போங்கடான்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்."

"அவ்ளோ பெரிய மனுசன் பக்கத்துல குந்திக்கினு எப்டிடா சத்தம் போடறது?" என்றார் மூப்பன்.

அதற்குமேல் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கயிற்றை விட்டவன் நான். அவரைத் திட்ட வந்தவன், போகும்போது பழக்கதோஷத்தில் பின்னாலேயே நாலு அடி வைத்து, முதுகு காட்டாமல் வெளியே வந்தேன். எங்களை ஏமாற்ற அந்தத் தொரை பெரிதாக மூளையைச் செலவழித்ததாகவும் தெரியவில்லை. ஒருவரை மட்டும் படகில் ஏற்றினார். மிச்சத்தை நாங்களே செய்துகொண்டோம்.

அடுத்த ஞாயிறு வரை படகுகள் ஓடின. மெட்ராஸ் கூட்டம் வந்தது, கோழி வறுத்தார்கள், பாட்டு வைத்தார்கள், போன இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்தார்கள். தொரை சொன்ன சொல் தவறாதவர், திங்கட்கிழமை காலையில் பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மதகைத் திறந்ததும் தண்ணீர் வாய்க்காலில் சலசலத்து ஓடிவந்து என் வயலில் இறங்கியது. வெடிப்புகள் குடித்து முடித்த பிறகு, தண்ணீர் மெல்ல ஏறி வரப்புவரைக்கும் நின்றது. நெல் இடுப்புயரத்தில் வெள்ளைவெளேரென்று நின்றது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினேன். அத்தனையும் பறந்துவிட்டது.

என் மனைவி வரப்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். எட்டு நாளாக என்னோடு பேசாதவள். குடகு லாரி வியாழக்கிழமை வருகிறது என்று அன்று காலையில்தான் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் வயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள்.

"யோவ்" என்றாள். "போயி அந்தத் தொரைய இட்டுக்கினு வா. இங்கியும் ஒரு படகு வுடலாம்."